அந்த ஹோஸ் வெளியே வந்த அழகு இருக்கிறதே!

பாய்மரப் படகு வைத்திருக்கும் யாரிடமாவது, அதில் என்ன அப்படியொரு சுகம் என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினை அணைத்ததும் காற்று மட்டும் படகை இழுத்துக்கொண்டு போகிற அந்த நொடியைச் சொல்வார்கள். சூரிய அஸ்தமனத்தைச் சொல்வார்கள். டால்பின் கூடவே நீந்தி வந்த கதையை, போன தடவை சொன்னதைவிட இரண்டு டால்பின் சேர்த்துச் சொல்வார்கள். நானும் இதையெல்லாம் அனுபவித்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், படகு எனக்குக் கொடுத்த ஆகப் பெரிய சந்தோஷம் கழிப்பறைக்குப் பின்னால், கை போகும் கண் போகாது என்கிற ஒரு சந்தில்தான் கிடைத்தது. பல காலமாக யாரும் தொடாத கழிவு ஹோஸ் ஒன்று, இழு இழு என்று இழுத்து, கடைசியில் சரக்கென்று என் மடியில் வந்து விழுந்தது பாருங்கள், அடடா! அந்தச் சுகமே சுகம்.

சிரிக்காதீர்கள். பாய், கயிறு, ஜிபிஎஸ் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படகின் மறைவான மூலைகளில் ஓடும் ஹோஸைப் பற்றி உருகி உருகி எழுத யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன்.

முதலில் என் செல்லத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கும் ஒரு வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளம். 1969 முதல் 1980 வரை, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில், 2,400-க்கும் மேற்பட்ட சென்டார்களைக் கட்டித் தள்ளினார்கள். லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனத்தின் கைவண்ணம். இதன் விசேஷம் அடியில் இருக்கிறது. பெரும்பாலான படகுகளுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் நடுவில் ஒன்றுதான். இதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கீல்கள். ஓதம் வடிந்து தண்ணீர் போய்விட்டால் அந்தப் படகுகள் சாய்ந்து படுத்துவிடும். சென்டாரோ இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். தண்ணீரில் அமிழும் ஆழம் வெறும் 91 சென்டிமீட்டர். போர்ட்ஸ்மத்தில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். கிரேனுக்குக் காசு கொடுத்துப் படகைத் தூக்காமலே, தண்ணீர் வடிகிற நேரம் பார்த்து அடியில் போய் வேலை செய்துவிட்டு வரலாம். பிளம்பிங் பைத்தியத்துக்கு இதைவிடத் தோதான படகு கிடைக்காது என்பது என் துணிபு.

சரி, ஹோஸை மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? வீட்டுச் சமையலறைக் குழாய் என்றால் ஒரு மணி நேர வேலைதானே? ஃபைபர்கிளாஸ் படகு கட்டுகிற வரிசை அப்படி. முதலில் அச்சில் உடம்பை வார்ப்பார்கள். அது திறந்து கிடக்கும்போதே தொட்டி, குழாய், ஒயர் எல்லாம் உள்ளே போய்விடும். அப்புறம் தடுப்பு, பலகை, அலமாரி, படுக்கை. கடைசியில் மேல்தளம் வந்து மூடிக்கொள்ளும். திறந்த உடம்புக்குள் நின்றபடி அந்த ஹோஸைப் பொருத்தியவருக்கு அது சில நிமிட வேலையாக இருந்திருக்கும். பல பத்தாண்டு கழித்து அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைத் தொட வேண்டிய எனக்கோ, தலைகீழாக ஒரு லாக்கருக்குள் இறங்கி, இடது கையைப் பலகைக்குப் பின்னால் வளைத்து, ஸ்க்ரூடிரைவரை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு தடவ வேண்டியிருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்பெனிப் படகானாலும் இதே கதைதான்.

அந்தத் தடவல் இருக்கிறதே, அதில்தான் எனக்குக் காதலே பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை வைத்தே படிக்கப் பழகுகிறோம். இது கிளிப்பின் பட்டை, இது அதன் திருகுத் தலை, இது துருப்பிடித்த இடம், இது ஹோஸ் வெடித்த இடம். கொஞ்ச நேரத்தில் கையே பார்க்க ஆரம்பித்துவிடும். செல்போனில் மாட்டுகிற சின்ன எண்டாஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பார்வைக்கு அருமை. ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் விரலுக்கு ஈடு அது இல்லை.

இந்த ஹோஸ்களின் அருமை தெரிய வேண்டுமென்றால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கழிவு வெளியேறும் ஹோஸின் உள்விட்டம் 38 மில்லிமீட்டர். அது படகின் உடம்பில் சேருகிற ஓட்டை, கடல்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையை மூடித் திறக்கும் வால்வான சீகாக் திறந்திருக்கிறது. ஹோஸ் கழன்றுவிட்டது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் கடல்நீர் உள்ளே கொட்டும். கையால் அடிக்கிற பம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்? படகின் உள்பக்கத்தையும் கடலையும் பிரித்து வைத்திருப்பது ஒரு ரப்பர்க் குழாயும், சில காசு பெறும் இரண்டு கிளிப்பும்தான். மேலே ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு ராடார் மாட்டியிருக்கும் படகிலும் கீழே நிலைமை இதுதான்.

கழிப்பறைக் குழாய் படகை மூழ்கடிக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு யூ-1206 கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல். ஆழத்தில் இருக்கும்போதே கழிவை வெளியேற்றக்கூடிய, சிக்கலான வால்வுகள் கொண்ட புது மாதிரிக் கழிப்பறை அதில் இருந்தது. 1945 ஏப்ரல் 14-ஆம் தேதி, ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால், அந்த வால்வுகளைக் கையாண்டதில் கோளாறு ஏற்பட்டுக் கடல்நீர் உள்ளே புகுந்தது. தண்ணீர் கீழே பேட்டரிகளைத் தொட்டதும் குளோரின் வாயு கிளம்பியது. வேறு வழியில்லாமல் மேலே வந்தார்கள். வானத்தில் எதிரி விமானம். கடைசியில் கப்பலைத் தாங்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. டார்பிடோ அடித்து முழுகவில்லை ஐயா, கழிப்பறையால் முழுகியது. படகில் விருந்தாளி ஏறியதும் கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் வகுப்பெடுப்பது இதனால்தான். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள், வகுப்பு நிற்காது.

அடுத்தது நாற்றம். பழைய படகுக்குள் இறங்கியதும் மூக்கில் ஏறுமே ஒரு வாடை, அதைப் ‘படகு வாடை’ என்று சொல்லிச் சகித்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் ஏராளம். படகுக்கென்று ஒரு வாடையும் கிடையாது. அது ஹோஸ் வாடை. இந்த விஷயத்தில் அமெரிக்காவின் பெக்கி ஹால் என்ற அம்மாளுக்குக் கோவிலே கட்டலாம். படகு நாற்றத்தை ஒழிப்பதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதியவர். படகுக் கழிப்பறையைப் பற்றி அவருக்குத் தெரியாததென்று எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த படகில் ஏறி முதல் தடவை பம்ப் அடித்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதல்லவா? எல்லோரும் கழிவு போகிற ஹோஸைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் அது இல்லை. கடல்நீர் உள்ளே வருகிற, பார்க்கச் சுத்தமாக இருக்கும் 19 மில்லிமீட்டர் ஹோஸ்! அதில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும். பிராண வாயு தீரும். ஒவ்வொரு கிலோ கடல்நீரிலும் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. பிராண வாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அந்த சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். அதுதான் அழுகிய முட்டை. படகை விட்டு இறங்கும் முன் உள்ளே வருகிற பக்கமும் நல்ல தண்ணீர் ஓடும்படி செய்துவிட்டால் போதும், பாதிப் பிரச்சினை ஒழிந்தது. நிரபராதியைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த ஊருக்கு நடுவில் உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்த சந்தோஷம் இது. இன்றைக்கும் யாராவது படகு நாற்றம் என்று வாயெடுத்தால் போதும், நான் சல்பேட்டிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.

கழிவு ஹோஸின் குற்றம் வேறு. அதில் கழிவு தேங்கி நின்றால் காலப்போக்கில் ஹோஸின் சுவர் வழியாகவே நாற்றம் ஊடுருவி வெளியே வந்துவிடும். கசிவே இருக்காது, ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆனால் நாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து ஹோஸின் மேல் சுற்றுங்கள். ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் இருந்தால் ஹோஸின் கதை முடிந்தது. எந்த மருந்தும் பலிக்காது. நான் என் படகில் இடுப்பொடிய ஹோஸின் முழு நீளத்துக்கும் துண்டுத் துண்டாகச் சுற்றி முகர்ந்தேன். கழிப்பறையிலிருந்து நேராக மேலே ஏறும் பகுதி பரவாயில்லை. பலகைக்குப் பின்னால் தாழ்ந்து தொங்கிய பகுதியில் சுற்றிய துணியை... வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

வெட்டி எடுத்த பிறகு உள்ளே பார்த்தால் இன்னொரு அதிசயம். சிறுநீரும் கடல்நீரும் சேரும்போது யூரியா சிதைந்து அம்மோனியாவாகி, காரத்தன்மை ஏறி, கடல்நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்பு போலச் சுவரில் படிகின்றன. அடுக்கடுக்காக, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில். 38 மில்லிமீட்டர் வழி, என் கட்டைவிரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. பம்ப் ஏன் இவ்வளவு கனத்தது என்பதற்கான விடை என் கையில்! வெட்டிய குறுக்குமுகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரத்தின் வயதைச் சொல்லும் வளையங்கள் அதில் இருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கத்துப் படகுக்காரர், எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். “அருமையான துண்டு” என்றார். நல்ல ரசிகர்.

இனி வேலைக்கு வருவோம். இந்த வேலையில் முக்கால் பங்கு பழையதைக் கழற்றுவதுதான். இதில் என் முதல் உபதேசம், இரக்கம் காட்டாதீர்கள். பழைய ஹோஸைக் காப்பாற்றி முழுசாகக் கழற்ற வேண்டும் என்று எவரும் உங்களைக் கேட்கவில்லை. இரும்புப் பிடி பிடித்து முறுக்கினால் ஹோஸ் வராது. அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனை முறியும், அப்புறம் வேலை இரட்டிப்பு. தரைவிரிப்பு வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கொக்கி நுனிக் கத்தி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முனையின் நீளவாக்கில், ஹோஸின் மேல் மட்டும் படுகிறபடி ஒரு கீறல். பிறகு இரண்டு பக்கமும் பிரித்தால் தானாக விட்டுக்கொடுக்கும். அந்தக் கத்தியின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை வெளியே சொன்னால் வீட்டில் பிரச்சினை வரும்.

வெட்டிய பழைய ஹோஸை உடனே உருவி எறிந்துவிடக் கூடாது. இங்கேதான் இந்தக் கலையின் உச்சகட்டம். பழைய ஹோஸ் எந்த வளைவு, எந்தத் துளை, எந்தச் சந்து வழியாகப் போகிறதோ, அந்த வழி அதற்குத்தான் தெரியும். அதன் வாலில் புதிய ஹோஸின் தலையைக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கும்போது பழைய நாடாவின் நுனியில் புது நாடாவை ஊக்கு வைத்துச் சேர்த்து இழுப்பாளே அம்மா, அதே உபாயம். இங்கே ஊக்குக்குப் பதில் 38 மில்லிமீட்டருக்குச் சற்றே மெலிந்த உருட்டு மரக்கட்டை. இரண்டு ஹோஸின் வாயிலும் பாதிப் பாதி நுழைத்து, குறுக்கே சின்னத் திருகாணி போட்டு, மேலே டேப்பை இறுக்கச் சுற்றிவிட்டால் இணைப்பு தடிக்காது, எங்கேயும் மாட்டிக்கொள்ளாது. பழைய ஹோஸுக்குள் சுண்ணாம்பு அடைத்துக் கட்டை போகவில்லையா? ஹோஸை வெளியே இருந்து மரச் சுத்தியால் தட்டினால் படிமம் பொலபொலவென்று உதிரும். வாளி வையுங்கள், கையுறை போடுங்கள், மூக்கை மறந்துவிடுங்கள்.

இழுக்கிற ஆளாக என் அக்கா மகள் வந்திருந்தாள். இங்கேதான் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள், கை மெலிசு, லாக்கருக்குள் நான் நுழைய முடியாத மூலைக்கு அவள் போய்விடுவாள். பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் கூட்டி வந்தேன். கழிப்பறைக்குள் மண்டியிட்டு நான் தள்ள, முன்பக்க லாக்கருக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு அவள் இழுக்க, நடுவில் பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. சத்தம்தான் வழி.

“மாமா, தள்ளுங்க... இன்னும்... இன்னும்... ஐயோ நில்லுங்க, மாட்டிக்கிச்சு!”

“திருப்புடா. வலது பக்கமா அரைத் திருப்பு.”

“எனக்கு வலதா, உங்களுக்கு வலதா?”

நல்ல கேள்வி. இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை பார்த்ததில்லை. கடைசியில் “மாஸ்ட் பக்கம்” என்று பேசிக்கொண்டோம். அரைத் திருப்பு, ஒரு சின்ன உந்தல், பலகைக்குப் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல்: “வந்துருச்சு மாமா! வெள்ளை ஹோஸ் தெரியுது!”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றம் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அது இல்லை.

புதிய ஹோஸைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அமெரிக்காவின் ரேரிட்டன் கம்பெனி தயாரிக்கும் சானிஃப்ளெக்ஸ் என்ற ஹோஸை வரவழைத்தேன். கழிவு ஹோஸ் என்றாலே மடங்காது, முறுக்கினால் திமிறும், வளைத்தால் நசுங்கிக்கொள்ளும் என்று பழகிப்போன கைகளுக்கு இது நம்ப முடியாத மாயம். இறுக்கமான வளைவிலும் வாய் நசுங்காமல் திரும்பிவிடுகிறது. விலை குத்தத்தான் செய்யும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கைக்கு எட்டாத இடத்தில் மாட்டப் போகும் பொருளில் காசு மிச்சம் பிடிப்பது போல அசட்டுத்தனம் வேறில்லை. கைக்கு எட்டும் இடத்தில் வேண்டுமானால் மலிவானதை மாட்டுங்கள், மறுபடி மாற்றிக்கொள்ளலாம். நேராக ஓடும் பகுதியில் ஹோஸே வேண்டாம், வீட்டுக்குப் போடுகிற கெட்டியான பிவிசி பைப்பே உத்தமம். அதன் சுவர் வழியாக நாற்றம் ஊடுருவாது.

ஹோஸை முனையில் ஏற்றுவது பலரை அழ வைக்கும் கட்டம். ஹீட் கன் வைத்துச் சுடாதீர்கள். ஒரு இடம் கருகினால் போயிற்று. ஃபிளாஸ்க்கில் கொதிநீர் கொண்டுபோய், ஹோஸின் நுனியை அரை நிமிடம் முக்கினால் இளகிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தடவி, தயங்காமல் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நின்று மூச்சு வாங்கினால் ஆறி இறுகிக்கொள்ளும். ஹோஸ் அடிவரை போய் முட்டும்போது உள்ளங்கையில் ஒரு மெத்தென்ற நிறுத்தம் தெரியும். ஆஹா! ஐஸ்கிரீம் வேண்டாம், சினிமா வேண்டாம், எனக்கு அந்த நிறுத்தம் போதும்.

அப்புறம் கிளிப். இங்கே எல்லோரும் ஜூபிலி கிளிப் என்று சொல்லும் இந்தத் திருகுப் பட்டையைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் கடற்படையில் கமாண்டராக இருந்த லம்லி ராபின்சன். 1921-இல் காப்புரிமை வாங்கி, கென்ட் மாவட்டத்து கில்லிங்ஹாமில் தொழில் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு கடற்படைக்காரர் யோசித்த சங்கதி, இன்றைக்கும் காரிலும் படகிலும் ஃபேக்டரியிலும் அப்படியே ஓடுகிறது. படகுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், திருகு மட்டும் சாதா இரும்பாக இருக்கும், உப்புக்காற்றில் திருகு முதலில் போகும். காந்தம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். முனை போதிய நீளம் இருந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப், திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கம், நாளைக்கு ஸ்க்ரூடிரைவர் எட்டுகிற திசையில். இந்தக் கடைசி விஷயத்தைப் பழைய காலத்தவர் யாராவது யோசித்திருந்தால் என் முதுகு இவ்வளவு வலித்திருக்காது.

ஹோஸ் வளையத்தை மேலே தூக்கிக் கட்டுவதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. கழிப்பறைக் கிண்ணம் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஹோஸ் நேராக ஓட்டைக்குப் போகும்போது சைஃபன் பிடித்துக் கடல் தானாக உள்ளே வந்துவிடும். அதனால் படகு சாய்ந்து ஓடும்போதும் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கிறபடி உயரமாக ஒரு வளையம், அதன் உச்சியில் காற்று புகும் சின்ன வால்வு. அந்த வால்வில் உப்பு அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை வெந்நீரில் கழுவினால் போதும்.

சீகாக்கைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அது தனிக் கட்டுரையாகிவிடும். என் படகில் இருப்பது பிளேக்ஸ் வெண்கல சீகாக். கூம்பு வடிவ அடைப்பான், அதைப் பிடிக்கும் தட்டு, இரண்டு போல்ட், அவ்வளவுதான். ஓதம் வடிந்து படகு மணலில் நிற்கும்போது கழற்றி, அரைக்கும் பசை போட்டுத் திருப்பித் திருப்பித் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால் ஒற்றை விரலால் திரும்புகிறது. மலிவான பித்தளையை மட்டும் கடல்நீரில் நம்ப வேண்டாம். அதில் இருக்கும் துத்தநாகம் கரைந்து, பார்க்க முழுசாகவும் தட்டினால் பொடியாகவும் ஆகிவிடும். ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் மென்மரத்தில் செய்த ஒரு தக்கை கயிற்றில் கட்டித் தொங்கட்டும். ஹோஸ் கழன்றால் அடித்துச் சொருகுவதற்கு.

ஒரு ஹோஸில் ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்தது எஞ்சின் புகை ஹோஸ். காக்பிட் லாக்கரின் அடியாழத்தில், எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை போகிறது. சூடும் கடல்நீரும் புகையும் ஒன்றாக ஓடுவது. அதில் வெடிப்பு விட்டால் தண்ணீர் மட்டும் வராது, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படகுப் புகை ஹோஸுக்கான தரக்குறியீடான எஸ்ஏஇ ஜே2006 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். கம்பிச்சுருள் வைத்த அந்தக் கனத்த ஹோஸை வளைப்பது மல்யுத்தம். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மடிப்பு மடிப்பான மலிவு ஹோஸை எடுத்துவிட்டு உட்புறம் வழவழப்பான ஹோஸ் போட்டதும், அதே பம்ப் அதே கையில் கூடுதலாகத் தண்ணீர் தள்ளுகிறது. மடிப்புகளில் தண்ணீர் உரசித் தடைபடுகிறது, வேறொன்றுமில்லை.

குடிதண்ணீர்க் குழாயோ குழந்தை விளையாட்டு! வட அயர்லாந்தின் பேங்கர் ஊரில் இருக்கும் வேல் கம்பெனியின் 15 மில்லிமீட்டர் பைப். குளிர்நீருக்கு நீலம், சுடுநீருக்குச் சிவப்பு. நேராக வெட்டி இணைப்பில் தள்ளினால் பிடித்துக்கொள்கிறது. கிளிப் இல்லை, ஸ்க்ரூடிரைவர் இல்லை, வசவு இல்லை. உள்ளே கறுப்புப் பாசி படிந்த பழைய ஒளி ஊடுருவும் ஹோஸை எடுத்துப் போட்டுவிட்டு இதை மாட்டிய அன்று, படகில் போட்ட டீக்கு முதல் முறையாக டீயின் ருசி மட்டும் இருந்தது.

ஆள் வைத்துச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். இங்கே மணிக்கணக்கில் கூலி. ஹோஸின் விலை அதில் தூசு, ஆளின் தலைகீழ் நேரத்துக்குத்தான் பணம். ஆனால் பணம் எனக்குப் பெரிய காரணம் இல்லை. வேறொருவர் மாற்றினால் அந்த ஹோஸ் எந்தப் பலகைக்குப் பின்னால் எங்கே திரும்புகிறது என்று அவருக்குத்தான் தெரியும். நடுக்கடலில், இரவில், காலடியில் தண்ணீர் சலசலக்கும்போது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு என் படகின் ஒவ்வொரு சீகாக்கையும் தொடுவேன்.

உங்களிடம் பாய்மரப் படகு இருந்தால், அது இங்கே போர்ட்ஸ்மத்தை ஒட்டிய சோலன்ட் நீரிணையில் மிதந்தாலும் சரி, சிங்கப்பூரில் மிதந்தாலும் சரி, இந்த வாரமே ஒரு துணியை வெந்நீரில் முக்கிக் கழிவு ஹோஸில் சுற்றி முகர்ந்து பாருங்கள். நாறினால் தள்ளிப் போடாதீர்கள். ஆக மோசமான, கைக்கு எட்டவே எட்டாத ஹோஸிலிருந்து ஆரம்பியுங்கள். அது முடிந்தால் மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. மெலிந்த கையுள்ள மருமகளோ மருமகனோ இருந்தால் பிரியாணியைச் சொல்லி மடக்கி வையுங்கள். குளிர்காலத்தில் ஹோஸ் விறைத்துக்கொள்ளும், அதனால் முடிந்தால் வேலையைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். கடைசியாக ஒன்று: அளந்த நீளத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.